லிகாயா வெட்டிய கேபிள்

அன்பு மகன் கிரிசாந்தோவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அங்கே குளிர் எப்படியோ, வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. வெங்காயம் எடுத்தாகிவிட்டது, வீடு முழுக்க அந்த வாடைதான். போன்சோ சித்தப்பா போனில் உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

நம் அணையில் தண்ணீர் சுரங்கத்துக்குள் போகிற வாயில், அடியில் இருக்கும் கம்பித் தடுப்பை மரக்கட்டைகள் அடைத்துக்கொண்டதாம். ஷட்டரை மூடிவிட்டு ஆட்களை முக்குளிக்க இறக்குவதாக ஏற்பாடு, முதலில் இறங்க வேண்டியவர் உன் சித்தப்பா. அதற்கு முன் அடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க எஞ்சினியர் தெல்பினா நம் லிகாயாவின் பள்ளிக்கூடக் குழுவைக் கூப்பிட்டார். உன் தங்கை போட்டிக்காகத் தண்ணீருக்குள் ஓடுகிற ரோபோ ஒன்று செய்தாளே, நம் சாப்பாட்டு மேசையெல்லாம் பசையாக்கி, அதை நம்பித்தான். தெல்பினாவும் படிக்கிற காலத்தில் அதே போட்டிக்குப் போனவராம். பிள்ளைகளுக்குச் சோறும் வறுத்த திலாப்பியா மீனும் கட்டிக்கொண்டு நானும் படகில் ஏறினேன். நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, மிதந்த ஒரு இலைகூட இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சித்தப்பா ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டே, “ஏண்டி, உன் பொம்மை மீனைப் பாத்துப் பயந்து ஓடி வந்துடாதே?” என்று லிகாயாவைச் சீண்டினார். “மீனுக்குப் பயப்படாது சித்தப்பா, உங்க மூஞ்சியப் பாத்தாத்தான்” என்றாள் அவள்.

ருஃபோ என்ற பையன் ரோபோவை ஓட்டினான், லிகாயா கேபிளைக் கையில் வைத்து விட்டுக்கொண்டிருந்தாள். ரோபோவின் கேமரா காட்டிய திரையில், அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரின் முள்வேலி தெரிந்தது. அதில் பாசி நூல்நூலாகத் தொங்கவில்லை, எல்லாம் ஒரே பக்கமாக, சீவிவிட்ட தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு மீன்கூட இல்லை. தரையில் சேறு மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்போது லிகாயா தாழ்ந்த குரலில், “ருஃபோ, நீ முன்னால ஓட்டுறியா?” என்றாள். அவன், “நான் பின்னாலதான் இழுக்கிறேன், முழு வேகத்துல. அது போயிட்டே இருக்கு” என்றான். கேபிள் அவள் கையை உரசிக்கொண்டு தானாக ஓடியது. மேலே ஒரு சுழிகூட இல்லை, அந்த இலை அங்கேயேதான் இருந்தது. திரையில் கறுப்பாக ஒரு கோடு, பக்கத்தில் வரவர அகலமானது. “நிறுத்து!” என்று லிகாயா கத்தினாள். அவர்கள் குழுவில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கக்கூடாதாம், போட்டிக்காகப் பழகிய பழக்கம். ருஃபோ கையை எடுத்துவிட்டான்.

சித்தப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. “அடப் பாவமே, அடுத்த மாசம் போட்டியாச்சே. கட்டையில மாட்டியிருக்கும், நான் போய் எடுத்துட்டு வரேன்” என்று ஒரு காலைத் தண்ணீரில் விட்டுவிட்டார். பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுத்தான் இறங்கப் போனார் பார். “காலை எடுங்க சித்தப்பா!” என்றாள் லிகாயா. “போடி, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்தத் தண்ணியில முங்கினவன் நான்” என்று முகமூடியை மாட்டினார். தெல்பினா அவர் தோளைப் பிடித்தார், அவர் உதறினார். உன் தங்கை கருவிப்பெட்டியிலிருந்து கட்டரை எடுத்துக் கேபிளை வெட்டிவிட்டாள். அறுந்த முனை படகு விளிம்பில் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று, சத்தமே இல்லை. “பைத்தியமாடி உனக்கு?” என்று அவர் கத்த, “இப்ப எடுக்கறதுக்குக் கீழ ஒண்ணுமில்ல, நீங்க இறங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

தெல்பினா திட்டவில்லை. ஏன் வெட்டினாய் என்று மட்டும் கேட்டார். லிகாயா சொன்னாள், போன வருஷப் போட்டியில் நீச்சல் குளத்து வடிகால் இவர்கள் கேபிளை உறிஞ்சி, மார்க் போயிற்றாம். அப்போது நடுவர் ஒருவர், அங்கே ஒரு ஆள் இருந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம், அன்றிலிருந்துதான் பெட்டியில் கட்டர் வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்ட தெல்பினா ஷட்டர் அறைக்குப் போன் போட்டார். மூடியிருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது என்றார்கள். “விளக்கை விடுங்க, சுரங்கத்துக்குள்ள ஆள் அனுப்பிப் பாருங்க” என்றார். பார்த்தால், கம்பித் தடுப்பை உடைத்துக்கொண்டு போன ஒரு கட்டை ஷட்டருக்கு அடியில் சிக்கி இடுக்கு ஒன்று திறந்தே கிடந்திருக்கிறது. அந்த ஆழத்துத் தண்ணீர் முழுக்க அதன் வழியாகப் போகத் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ரோபோ ஷட்டருக்கு அந்தப் பக்கம், சுரங்கத்துக் குழியில் கிடைத்தது. நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்த சாமான் அது. என் உள்ளங்கை நுழையாத இடுக்கு வழியாக வந்திருக்கிறது, பலகையைப் போலத் தட்டையாக. சித்தப்பா அதைக் கையில் வாங்கி, தன் நெஞ்சோடு வைத்து அளவு பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வரவில்லை அவருக்கு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் இந்த வருஷம் போட்டிக்குப் போகவில்லை. லிகாயா மறுபடி மேசையைப் பசையாக்கிக்கொண்டிருக்கிறாள், நான் வாயே திறப்பதில்லை. நீயும் கப்பலில் தொட்டிகளுக்குள் இறங்குகிறவன். மூடியிருக்கிறது என்று எவன் சொன்னாலும் உன் கண்ணால் பார். சின்னப் பையன் நிறுத்து என்றாலும் நின்றுவிடு, அப்புறம் கோபித்துக்கொள்ளலாம். மாதா உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் செய், தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ரோசெண்டா