பிரஸ்ஸில் அச்சான கல்லூரி

பெங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

சினேகா எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் இப்போது தேவலையா?

போனில் சொன்னால் "சரி தாயி" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி ரோஜாவை அந்த நர்சிங் கல்லூரியில் சேர்க்காதீர்கள். நர்சிங் கவுன்சில் பட்டியலில் அதன் பெயரே இல்லை என்று எத்தனை முறை சொல்வது? "நம்ம பிரஸ்ல அடிச்ச காலேஜ் புக்கு தாயி, எம்புட்டுப் பெரிய கட்டடம் போட்டிருக்காக" என்கிறீர்கள். பட்டாசுப் பெட்டி லேபிளும் அதே மிஷினில்தானே அடிக்கிறீர்கள்? லேபிளில் இருக்கிற வெளிச்சமெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதா, அப்பா?

அரசு கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். நாலு வருட பி.எஸ்சி. கிடைக்காவிட்டால் அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ போதும். செலவும் குறைவு.

போன வாரம் ஒரு வேடிக்கை. வார்டில் ஒரு நோயாளி என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். ஹெட் நர்ஸ் அவரிடம், "இவள் சிஸ்டர் இல்லை, பெட்பேன் எடுக்கிறவள்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். என்னுடைய ஒரு வருட சர்டிபிகேட்டுக்கு இங்கே அந்த வேலைதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தெருவில் என்னை நர்ஸ் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காரச்சேவும் அம்மாவின் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். போர்வை இருக்கிறது, ஆனாலும் சேலை வேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நான் படித்த இடத்தின் நோட்டீசும் உங்கள் பிரஸ்ஸில் அடித்ததுதான். அதைப் பெருமையாகச் சுவரில் ஒட்டினீர்கள். கிழிக்காதீர்கள். ரோஜா அதைப் பார்த்துக்கொண்டே அரசு விண்ணப்பத்தை எழுதட்டும்.

உங்கள் மகள்
சினேகா