மூன்றாவது சிலிண்டரின் சூடு

ஞாயிறு, இரவு.

பகேரியாவில் நான் வீட்டுவேலை செய்யும் வீட்டின் இத்தாலிய முதலாளி, சிஞ்ஞோர், தன் கையாலேயே கட்டிய விமானத்தின் எஞ்சினை இன்று ஓடவிட்டார். திரையில் மூன்றாவது சிலிண்டரின் சூடு மட்டும் ஏறியது. நான்காவதன் சூட்டை அளக்கும் சென்சரைக் கழற்றி மூன்றாவதில் பூட்டினேன். அப்போதும் மூன்றாவதே கொதித்தது. பிழை சென்சரில் இல்லை, எஞ்சினில்தான்.

"சென்சர்தானே பிழை?" என்று சிஞ்ஞோர் கேட்டார். பதினைந்து வருடப் பழக்கம். என் வாய் தானாகவே "ஸீ, ஸீ" என்று ஆமோதித்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் துள்ளுகிறாள். "அப்பா, சிஞ்ஞோர் போன் எடுத்தவர். நாளைக்கு என்னையும் ஏத்திக்கொண்டு பறக்கப்போறாராம்!"

"வேண்டாம் பிள்ளை, எஞ்சின் கொதிக்குது."

"நீங்கள்தானே ஓம் எண்டு சொன்னீங்களாம்!"

அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் போய் "நோ" என்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்து. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் தலை ஆமென்றுதான் ஆடுகிறது.