டைகர் டேங்கும் காணாமல் போன பலகையும்

புரட்டாசி, திங்கள். காலையிலிருந்து தூறல்.

டேங்குக்குக் கடைசிக் கோட் பெயின்ட். காயவில்லை. பம்ப் கம்பெனியில் அரை நாள் லீவு.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ஓட்டிய டைகர் என்ற பீரங்கி வண்டியின் மாதிரி. அலுமினிய வார்ப்பு, கட்டில் நீளம், ரிமோட்டில் ஓடும். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதில்தான் போயின. வியாழன் கல்லூரிக் கண்காட்சி. பிடித்திருந்தால் அங்கேயே முன்கூடத்தில் வைத்துக்கொள்வார்களாம். என் வீட்டுக்காரர் செந்தில் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார். "உன்ற எழவு டேங்கு போனாத்தான் ஊடு ஊடா இருக்கும் அம்மணி."

பலகைகள் எழுதியாயிற்று.
பலம்: பத்து செ.மீ. முன்தகடு. எண்பத்தெட்டு மி.மீ. பீரங்கி. தொலைவிலிருந்தே அடிக்கும்.
பலவீனம்: எடை, பல பாலங்கள் தாங்காது. பெட்ரோல் குடிக்கும். கியர் பக்கம் ஓயாத கோளாறு. சக்கரங்கள் ஒன்றையொன்று மறைத்த அடுக்கு. உள்ளே ஏதாவது சிக்கினால் வெளிச்சக்கரங்களைக் கழற்றாமல் கை போகாது.

புதன். புழுக்கம்.

டெம்போவில் ஏற்றிக் கல்லூரியில் இறக்கியாயிற்று. மதியம் பார்த்தால் பலவீனப் பலகையைக் காணோம். கல்லூரிச் செயலாளரிடம் கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா குறையெல்லாம் எதுக்குங்க? பாக்க வர்றவங்க மனசு சங்கடப்படுமுங்க."

யாருக்குச் சங்கடம்? எப்போதோ தோற்றுப்போன டேங்குக்கா? உள்ளே இருந்தவனும் செத்தான், எதிரே நின்றவனும் செத்தான். பலத்தை மட்டும் எழுதினால் அது விளம்பரம். இந்த ஊரில் மரியாதையாகப் பேசியே வாயை அடைத்துவிடுகிறார்கள். நானும் "சரிங்க" என்றுவிட்டு வந்தேன்.

செந்தில்: "ஒரு பலகைதான அம்மணி, உட்டுப்போடு."
விடுவதாவது!

வியாழன். நல்ல வெயில்.

கண்காட்சியோடு ஆயுத பூஜையும். நான் போவதற்குள் டேங்குக்குச் சந்தனம், குங்குமம், பீரங்கியில் சாமந்தி மாலை. எலுமிச்சம்பழமும். காருக்கு வைப்பதுபோல் தரையில் வைத்திருந்தால் நசுங்கிப் போயிருக்கும். யாரோ மகராசன் சக்கர அடுக்குக்குள் வைத்து, உருளாமலிருக்க மரத்துண்டு வேறு செருகியிருக்கிறான். "நில்லுங்க" என்று கத்துவதற்குள் செயலாளர் ரிமோட்டை அழுத்திவிட்டார்.

ஒரு முழம் நகர்ந்தது. கடக். நின்றது.

மைக்கில் அவர்: "மேடம் செஞ்சதுல ஏதோ சின்னக் குறைங்க."

நான் செய்ததிலா? நான் செய்ததிலா! வெளிச்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சேலையெல்லாம் கிரீஸ், சந்தனம். கூட்டம் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டது. செந்தில் மட்டும் பக்கத்தில் குத்தவைத்து போல்ட்டுகளைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டிருந்தார். மரத்துண்டை எடுத்துக் காட்டினேன். செயலாளர் சிரித்தார்.

"அதெல்லாம் போகுதுங்க. முன்கூடத்துல வெச்சுக்கறோமுங்க. பலகை மட்டும் ஒண்ணு போதுங்க."

இந்த முறை "சரிங்க" சொல்லக்கூடாதென்று வாயைத் திறந்தேன். செந்தில் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த இன்னொரு பலகை எங்கீங்க? எடுத்துக் குடுங்க. எங்க டேங்கு ஊட்டுக்கே வருதுங்க."

எங்க டேங்காம்!

வெள்ளி. மறுபடி தூறல்.

டேங்க் பழைய இடத்தில். சோபா மாடிக்குப் போய்விட்டது. லீவு நாளில் காலையிலேயே ஆணி, சுத்தியலோடு ஸ்டூலில் ஏறி நிற்கிறார்.

"பலவீனத்தக் கதவத் தொறந்ததும் தெரியற மாதிரி அடிக்கட்டுமா அம்மணி?"