மாதியேர் ஏற்றத்தில் பதினொரு நிமிடம்

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் தபால் நிலையத்தில் என் கவுன்டருக்கு முன்னால் ஆறு பேர் வரிசை. கிஸ்லேன் வரிசையைக் கண்டுகொள்ளவே இல்லை. கதவைத் திறந்ததுமே கத்தினாள்: "நதேஜ்! ஞாயித்துக்கிழமை லெ விகான் போறோம். மத்தியானச் சாப்பாடு அங்க. நீ மட்டும் இன்னைக்கே கிளம்பிடு, அப்பத்தான் வந்து சேருவ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் முடி வெட்டுகிறாள். இந்த லொதேவ் ஊரில் அவள் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக அவள் மோட்டார் சைக்கிள் முன்னால், என் வண்டி பின்னால். ஐம்பத்தொரு வயதில் இதற்கெல்லாம் யாராவது அழுவார்களா?

செப்டம்பர் 14, சனி

சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். டயரில் காற்று சரியாக இருக்கிறது. நாளை மழை இல்லையாம்.

செப்டம்பர் 16, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இங்கேயாவது.

காலையில் லார்சாக் மேட்டு நிலம் வழியாகப் போனோம். காய்ந்த புல், சுண்ணாம்புக் கல், செம்மறிக் கூட்டம், குளிர்ந்த காற்று. கிஸ்லேன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாள். இரண்டு வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினாள். எனக்காக மெதுவாகப் போகிறாள் என்று நினைத்தேன். முட்டாள்.

லெ விகானில் ஒரு பெரிய நிழல் மரத்தடியில் சாப்பாடு. பக்கத்து மேஜையில் இரண்டு டச்சுக்காரர்கள், அவர்களும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்தான். கிஸ்லேன் அவர்களை உடனே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மீன் வருவதற்குள் என் கதையை எடுத்துவிட்டாள்.

"இவ புருஷன் ஏன் ஓடிப்போனான் தெரியுமா? எங்க போனாலும் இவ வர்றவரைக்கும் காத்துக்கிட்டே நின்னான் பாவம். ஒரு நாள் சிகரெட் வாங்கப் போறேன்னு போனான். இவ இன்னும் வந்துக்கிட்டே இருக்கா!"

டச்சுக்காரர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மற்றவன் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தியதுதான் தாங்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, காப்பி வந்தபோது, கிஸ்லேன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"யார்கிட்டயும் சொல்லாதடி. லியோனெலுக்கே தெரியாது."

லியோனெல் அவள் கணவன்.

"என்ன?"

"கண்ணு. பார்க்கிற இடத்துக்கு நடுவுல ஒரு கறுப்பு. வலது கண்ணுல முழுசா, இடதுலயும் ஆரம்பிச்சிடுச்சு. இனி வண்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுதான் கடைசி சவாரி. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"என் மூஞ்சி தெரியுதா?"

"ஓரம்தான் தெரியுது. காது தெரியுது. அதுவே போதும், உன் மூஞ்சியில என்ன இருக்கு!"

அப்படித்தான் சொன்னாள். அழுதுகொண்டே அதையும் சொன்னாள்.

பிறகு ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கான்ஜ் ஊரை அடைந்தபோது மணி ஆறு. அங்கே சாலை பிரிகிறது. தெற்கே போனால் ஜின்யாக் வழியாக அகலமான பெரிய சாலை. மேற்கே போனால் மாதியேர் ஏற்றம்: பாறையை வெட்டிப் போட்ட ஒற்றைச் சாலை, கொண்டை ஊசி வளைவுகள், மாலையில் சூரியன் நேராக முகத்தில்.

"பெரிய ரோட்டுலயே போயிடலாம்டி," என்றாள். "நீ முன்னால போ. மெதுவா. உன் பின்விளக்கைப் பார்த்துக்கிட்டே வந்துடறேன்."

அவள் என்னிடம் "முன்னால போ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் மேற்கே திரும்பினேன்.

ஹார்ன் அடித்தாள். நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் பின்னால் வந்தாள். மாதியேர் வரை மெதுவாகத்தான் போனேன், அதையும் எழுதுகிறேன். கண்ணாடியில் அவள் முன்விளக்கு என்னை ஒட்டியே வந்தது, நாய்க்குட்டி மாதிரி. ஏற்றம் தொடங்கியதும் கியரைக் குறைத்து முறுக்கினேன். முதல் வளைவு. இரண்டாவது. இவ்வளவு நன்றாக என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. மூன்றாவது வளைவில் அவள் விளக்கு இருந்தது. ஐந்தாவதில் இல்லை.

தெரிஞ்சுதான் போனேன். ஆமா. சூரியன் மூஞ்சில அடிக்கும்னு தெரியும், அவளுக்கு என் விளக்கைத் தவிர ஒண்ணுமில்லைன்னும் தெரியும்.

மேலே போய் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒரு சிகரெட் பிடித்தேன். கீழே எஞ்சின் சத்தம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினொரு நிமிடம். ஏன் பதினொன்று? சிகரெட் முடிந்த பிறகும் நின்றேன் என்றுதானே அர்த்தம்?

நான்காவது வளைவில் கிடந்தாள். கைப்பிடிச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் வலது கால். நினைவு இருந்தது.

"உன் விளக்கு காணாமப் போச்சுடி," என்றாள்.

செப்டம்பர் 18, புதன்

மோன்பெலியே மருத்துவமனை. முழங்கால் சில்லு சில்லாகிவிட்டதாம், இனி மடங்காது. தாழ்வாரத்தில் லியோனெல் என்னைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

"போலீஸ்கிட்ட அவளே எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ பெரிய ரோட்டுல போலாம்னு கெஞ்சினியாம், இவதான் பிடிவாதமா மாதியேர் பக்கம் திரும்பினாளாம். கண்ணு விஷயத்தையும் இப்பத்தான் சொல்றா. நீ மட்டும் இல்லைன்னா, நதேஜ்…"

அவர் தோளுக்கு மேலாகக் கதவு இடுக்கில் அவள் கட்டில் தெரிந்தது. முகத்தை என் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள்.

ஏன் பொய் சொன்னாள்?

செப்டம்பர் 19, வியாழன்

கவுன்டரில் மூன்று பேர் என் கையைப் பிடித்து "நீதான் உண்மையான சிநேகிதி" என்றார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று அறையில் நாங்கள் இருவர் மட்டும். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"எங்க?"

"விளையாடாதடி. மேல."

"பதினொரு நிமிஷம்."

தலையை ஆட்டினாள். ஏதோ கணக்கு சரியாக வந்தது போல. "எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு. முதல்ல உன்னைக் கூப்பிட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன். நீ வரமாட்டன்னு இல்ல, நீ கேட்டுக்கிட்டே நிக்கறன்னு தோணுச்சு."

கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வா," என்றாள் கடைசியில். "பேப்பர் படிச்சுக் காட்ட ஆள் வேணும்."

அக்டோபர் 9, புதன்

அவளை வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. ஞாயிறு பேப்பர். செவ்வாய் கடைக்கு. வியாழன் குளிப்பாட்ட — லியோனெலுக்கு முதுகுவலியாம்.

அக்டோபர் 19, சனி

நாந்த் நகரத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டது! போன வருடம் கேட்டது. மகள் கிளோயே அங்கேதான் இருக்கிறாள், ஜனவரியில் அவளுக்குப் பிரசவம். போனில் இருவரும் கத்தினோம்.

கிஸ்லேனிடம் சொன்னபோது அவள் தலைக்கு நான் சாயம் பூசிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வா," என்றாள். "எத்தனை நாளைக்கு?"

"மாற்றல், கிஸ்லேன். அங்கயே இருக்கப்போறேன்."

சாதாரணமாகவே சொன்னாள். "நான் எப்பவாவது வாயத் திறந்தேனா? லியோனெல்கிட்ட? போலீஸ்கிட்ட? திறக்க மாட்டேன். நீ இங்க இருக்கறப்ப எதுக்குத் திறக்கணும்?"

சாயம் அவள் நெற்றியில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லோரும் நம்புவார்கள். நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதானே?

அக்டோபர் 21, திங்கள்

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கிளோயே போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 23, சனி

என் வண்டியை வாங்கப் பெஸியேயிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் மனோன், உரிமம் எடுத்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். விற்கச் சொன்னது கிஸ்லேன். "நான் வீட்டுல உக்காந்திருக்கறப்ப நீ மட்டும் ஊர் சுத்தினா நல்லாவா இருக்கு?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

பார்க்க வேண்டுமென்று கிஸ்லேனும் வந்திருந்தாள். லியோனெல் என் முற்றத்தில் நாற்காலி போட்டு, மடங்காத காலுக்கு ஒரு முக்காலியும் வைத்தார். அவளுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. அதனால் ஒவ்வொன்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஏறிட்டாளா? ஏறிட்டா. கண்ணாடியைச் சரி பண்றாளா? பண்றா.

மனோன் சாவியைத் திருப்பப் போனாள்.

"நில்லும்மா," என்றாள் கிஸ்லேன், அத்தனை கனிவாக. பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உன் ஹெல்மெட்டையும் கொடுத்துடு."

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு அளவு சரியாக இருந்தது.