என் பெயரை இன்னும் வாசிக்கிறார்கள், அக்கா

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் அக்காவுக்கு,

நான் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. புதுக்கடை ஜங்ஷனில் அதே மோட்டார் கடையில் உட்கார்ந்து, எரிந்துபோன பம்ப்செட்டுகளுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"எத்தன நாளு லீவு மக்கா? எப்ப திரும்பப் போறே?"

நம்மூரில் வெளிநாடு போனவன் என்றால் கல்ஃப்காரன்தானே. நான் இருக்கிற டெரிட்டோரியல் ஆர்மியில் வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சி, மற்ற நாளெல்லாம் சொந்த வேலை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, ஐ.நா. அமைதிப்படையோடு தெற்கு சூடானுக்கு ஒரு வருஷம் அனுப்பினார்கள், அது முடிந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ விசா புதுக்கலியா?" என்கிறார்கள். இப்போது "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

உன்னிடம் சொல்ல வந்தது வேறு. சபையில் இன்னும் என் பெயரை வாசிக்கிறார்கள்.

உன் ஜெபக்குறிப்பு நோட்டை இப்போது லீலா அக்கா எழுதுகிறாள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பரீட்சை, யார் வெளிதேசத்தில் என்று சனிக்கிழமை நீ எழுதுவதைப் போலவே அவளும் எழுதிப் போதகரிடம் கொடுக்கிறாள். உன் சட்டமும் அப்படியே இருக்கிறது. நோட்டில் ஏறின பெயர், அந்த ஆள் சபையில் எழும்பி நின்று சாட்சி சொன்னால்தான் இறங்கும். யாருக்காகவும் நீ அதை மாற்றினதில்லையே.

நான் எழும்பவில்லை. அதனால் ஞாயிறுதோறும் போதகர், "வெளிதேசத்தில் பணிபுரியும் தம்பி ஜெபசிங் சுகமாய் வீடு திரும்ப" என்று ஜெபிக்கிறார். நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஆமென் சொல்கிறேன். முதல் வாரம் சிலர் சிரித்தார்கள். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

லீலா அக்கா வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ரெண்டு வார்த்த சொன்னா என்னல? கர்த்தர் காத்தாருன்னு சொல்லீட்டு இரி. ஒனக்க அக்கா வச்ச சட்டம், நான் மாத்த மாட்டேன் கேட்டியா."

கர்த்தர் காத்தார் என்று சொல்லலாம்தான். ஆனால் எழும்ப நினைத்தாலே உன் அடக்க நாள் வந்து நிற்கிறது. அகதி முகாம் கேட்டில் எனக்குக் காவல் வேலை. மழையில் ஹெலிகாப்டர் வராது, ஊருக்குப் போக முடியாது என்றார்கள். அத்தான் போனில் வீடியோ போட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்தது குடைகள் மட்டும்தான். பெட்டியை இறக்குகிற நேரத்தில் படம் நின்றுபோனது. என் ட்யூட்டி நேரமும் வந்தது. நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

அன்றைக்கு நான் அழவில்லை, அதன்பிறகும் இல்லை. வந்த மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் நின்றும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன். இது தப்பா அக்கா?

அத்தான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். கட்டன்சாயா குடிக்கிறார். குடித்து முடித்ததும் அதே பேச்சுதான். "நோவுதுன்னு ஒரு வார்த்த யாருட்டயும் சொல்லாமப் போயிட்டாளே மக்கா. எனக்கிட்டகூடச் சொல்லல்லியே." நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

போன வாரம் லீலா அக்காவிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். என் பெயரை நானே வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். பாதி நோட்டு உன் கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் நான் இருக்கிறேன். தம்பிக்கு நல்ல தண்ணீர் கிடைக்க. தம்பியின் கால் புண் ஆற. போனில் நான் முனகினதையெல்லாம் அந்தந்த வாரமே எழுதியிருக்கிறாய். பிறகு உன் பெயரைத் தேடினேன். முதல் பக்கத்திலிருந்து தேடினேன். நீ எழும்பாமலே போன அந்த ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமைகூட அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சையைத்தான் எழுதியிருக்கிறாய்.

உன் பெயரை நீயே எழுதக் கூச்சமா? வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய். யார் சொல்லியிருக்க வேண்டும்?

அதற்கும் நான்கு மாதம் முந்தி ஒருநாள் போனில், "கொஞ்ச நாளா வயிறு நோவுது மக்கா, அத்தான்ட்ட சொல்லாண்டாம், பயந்துருவாரு" என்றாய். "கேஸா இருக்கும், ஓமத்தண்ணி குடி" என்றேன். உடனே என் கால் புண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அடுத்த வாரம் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. லீலா அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தால் அவளே உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். இப்போது நோட்டில் எழுதவும் வழியில்லை. இறந்தவர்களுக்காக நம் சபையில் ஜெபிப்பதில்லை.

பெயரை வெட்டாமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த ஞாயிறு எழும்பி நிற்பேன், அக்கா. இது உனக்குத் தருகிற வாக்கு. கர்த்தர் காத்தார் என்று மட்டும் சொல்லி உட்காரமாட்டேன். வாரம் தவறாமல் எனக்காக எழுதினவள், தனக்கு வயிறு நோகிறது என்று என்னிடம் சொன்னாள், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்வேன். அத்தான் முன்பெஞ்சில் இருப்பார். அவர் கேட்கட்டும். அதன்பிறகு அவர் சாயா குடிக்க வருவாரோ மாட்டாரோ தெரியாது. என் பெயரை அப்புறம் வெட்டட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் ஒருமுறைகூட "இப்ப எப்படி இருக்கு அக்கா" என்று கேட்காத
உன் தம்பி ஜெபசிங்