பவுடர் டப்பா

7-2-1974, வியாழன்

பொங்கலிலிருந்து ஃபாரின் சாமான் எதுவும் வாங்குவதில்லை என்று இருக்கிறேன். சென்ட், சோப்பு, நைலக்ஸ் புடவை எல்லாம் விட்டாயிற்று. பவுடர் டப்பாவை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. உள்ளே இருந்த ஃபாரின் பவுடர் தீர்ந்ததும் மாடவீதிக் கடையில் வாங்கிய பவுடரை அதில் கொட்டி, கண்ணாடி முன்னால் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் நாத்தனார் வசந்தா மாம்பலத்திலிருந்து வந்தாள். முகம் அலம்பிக்கொண்டு அந்தப் பவுடரைப் பூசி, கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

"ஃபாரின்னா ஃபாரின்தான் மன்னி. நம்மூர்ல இந்த வாசனை வருமா? நாளைக்கு என் பொண்ணு உமாவைப் பாக்க வரா. டப்பாவை ஒரு நாள் தாங்கோளேன்."

பேசாமல் கொடுத்திருக்கலாம். பெண் பார்க்கிற இடத்தில் என் பொய் எதற்கு என்று தோன்றியது.

"உள்ள இருக்கறது மாடவீதிப் பவுடர்தான் வசந்தா" என்றேன்.

முகம் சுண்டிவிடும் என்று பயந்தேன். அவள் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

"அதனால என்ன மன்னி? எனக்கு டப்பாதானே வேணும்."

சிரித்துச் சிரித்து காபி ஆறிப்போயிற்று. டப்பாவை ஒரேயடியாக அவளிடமே கொடுத்துவிட்டேன். வீட்டிலிருந்த கடைசி ஃபாரினும் ஒழிந்தது.

நாளைக்குப் பிள்ளையின் அம்மாவும் பூசிக்கொண்டு, எங்கே வாங்கினது என்று கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். மன்னி கொடுத்தது என்று மட்டும் வசந்தா சொல்லாமல் இருந்தால் சரி.