கால் சுடாத சித்திரை

வாசல் தொட்டியில் நித்தியகல்யாணி பூத்திருக்கிறது. "சுடுகாட்டுப் பூவ வீட்டு முன்னாடி வச்சிருக்கியே, புடுங்கிப் போடும்மா" என்று அத்தை தினமும் சொல்கிறார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தச் செடியிலிருந்து எடுக்கிற மருந்தை மாதம் ஒருமுறை என் ஐந்து வயது மகளுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். அவளுக்கு ரத்தப் புற்று. உனக்கு ஏற்றியதும் இதே மருந்துதான். குப்பியில் அந்த மருந்தின் பெயரைப் படித்த நாளிலிருந்து உன்னோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

காலேஜ் லேபில் நம் இருவருக்கும் ஒரே மைக்ராஸ்கோப். வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயம் ஏற்றிப் பார்த்தோம். ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. குரோமோசோம்கள் இரு முனைக்கும் இழுபட்டுக்கொண்டிருந்தன. "ரெண்டு பக்கமும் கயிறு இழுக்கறாங்கடி. கயிறுதான் கண்ணுக்குத் தெரியல" என்றாய். அந்தக் கயிறு டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது என்று பரீட்சைக்குப் படித்தோம். இரண்டு மார்க் கேள்வி.

கடைசி வருஷம் உனக்கு நோய் வந்தபோது மருந்தைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். "அந்தக் கயித்த திரிக்க உடாதாம். கயிறு இல்லன்னா செல்லு பிரியாது, செத்துடும். அவ்ளோதான்டி."

அவ்வளவுதான் இல்லை. நரம்புக்குள்ளும் அதே புரதம், முதுகிலிருந்து கால் விரல் வரை தண்டவாளம் போல நீண்டு கிடக்கிறது. அதன்மேல் வேறொரு புரதம் சுமையைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கிறது. மருந்துக்கு எந்தக் கயிறு நோயுடையது, எது நரம்புடையது என்று தெரியாது. தண்டவாளம் கெட்டால் கடைசி ஊருக்குத்தான் முதலில் சரக்கு நிற்கும். கால் விரல், கை விரல். மகளின் டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியபோதுதான் இது எனக்கு விளங்கியது.

அன்று நமக்குத் தெரிந்தது உன் செருப்பு மட்டும். பஸ் ஸ்டாண்டில் ஒற்றைச் செருப்பு கழன்று கிடக்கும்; நீ பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருப்பாய். "மேடம், செருப்ப வித்துட்டீங்களா?" என்று கத்துவேன். விழுந்து விழுந்து சிரிப்போம்.

கிரிவலம் போகலாம் என்று கூப்பிட்டது நான். கூட்டத்தில் போனால் தொற்று வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பௌர்ணமி ராத்திரியை விட்டுவிட்டு ஒரு சாதாரண நாள் பகலில் கிளம்பினோம். சித்திரை மாதம். மலையைச் சுற்றுவதென்றால் வெறுங்கால்தான். அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அடி அண்ணாமலை வருவதற்குள் தார் இளகியிருந்தது. நான் நிழலுக்கு நிழல் தாவினேன். நீ நடுரோட்டில் நிதானமாக வந்தாய்.

"ஏன்டி கோழி மாதிரி குதிக்கிற?"

"உனக்குச் சுடலையா?"

"சுடவே இல்லடி. எனக்கு மட்டும் தண்ணி தெளிச்சு வச்சிருக்காரு போல."

உன் நோயைப் பற்றி நான் சொல்லக் கேட்ட மோர்க்கார அம்மா உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி ஏத்துக்கிட்டாரும்மா. இனிமே ஒண்ணும் ஆவாது." மூன்று வருஷம் செல்லைப் படித்த நானும் நம்பினேன். சந்தோஷத்தில் அழுதேன்.

வீட்டில் உன் அம்மா கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது பாதத்துத் தோல் கையோடு வந்தது. அப்போதும் உனக்கு வலிக்கவில்லை. புண் சீழ் வைத்தது. எதிர்த்து நிற்க உன் ரத்தத்தில் அணுக்கள் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய்.

இப்போது தினமும் சாயங்காலம் மகளைக் கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சியால் கால் விரலைத் தொடுகிறேன். "எந்த விரல், சொல்லு?" சில நாள் தப்பாகச் சொல்கிறாள். விளையாட்டுக்கா, நிஜமாகவே தெரியவில்லையா? "மரத்துப் போறது ஜாஸ்தியானா மருந்தக் கம்மி பண்ணணும்" என்கிறார் டாக்டர். கம்மி பண்ணினால் நோய் என்னவாகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அத்தை ஆரம்பித்தார். "கொழந்த வெறுங்கால்ல மலைய சுத்தும்னு வேண்டிக்கிட்டேம்மா."

"ஷூ போட்டுக்கிட்டுத்தான் வருவா, அத்தை."

"சாமிகிட்ட செருப்போடயா? நல்லா படிச்ச போ."

உன் கதையைச் சொன்னேன், கூப்பிட்டது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டு. வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "சரி, கொழந்த பங்கயும் நானே வெறுங்கால்ல நடந்துடறேன்" என்றார்.

இருட்டோடு கிளம்பினோம். ஆனால் குழந்தை நடைக்கு, அடி அண்ணாமலையிலேயே வெயில் ஏறிவிட்டது. "கல்லு குத்துதும்மா" என்று மகள் ஷூவைக் கழற்றி உதறினாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் வெறும் பாதத்தை ரோட்டில் வைத்துவிட்டாள்.

"ஐயோ, சுடுதும்மா!"

ஒற்றைக் காலில் குதித்து அழுதாள். நான் சிரித்தேன். "புள்ள அழுவுது, இவ சிரிக்கிறா பாரு" என்று அத்தை திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் புரிந்தது. அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி ஊதினார்.

அடுத்த ஊசிக்குப் பிறகு எப்படியோ, தெரியாது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சுட்டா உடனே சொல்லணும், சரியா?" என்றேன்.

"அதான் சொன்னேனே" என்றாள்.

உன்னிடம் அன்று ஒரே ஒரு முறை கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. குனிந்து உன் பாதத்தைப் பார்க்கவில்லை. இவளிடம் தினமும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பாதத்தைத் திருப்பியும் பார்க்கிறேன்.